வயிறு தள்ளிய தோசைக்கல்

என் கை ஆடுகிறது என்று முதன்முதலில் சொன்னவன் என் தம்பி. அதை எங்கே வைத்துச் சொன்னான் தெரியுமா? தென்னேரியில் ஒரு கல்யாண ரிசப்ஷனில், தட்டும் கையுமாக வரிசையில் நின்ற அத்தனை பேர் எதிரிலும் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை, பாசமாகச் சொன்னான். "அக்கா, உனக்குக் கை ஆடுது கா. நீ ரவ நேரம் குந்து, நான் பாத்துக்கறேன்." அந்தப் பாசத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அடிவயிறு எரிகிறது.

கல்யாணங்களில் தோசை சுடுவது என் தொழில். எங்களுக்கு உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே ஒரு கிராமம். விருந்துச் சமையலை வேறு ஆட்கள் எடுப்பார்கள். பந்திக்குப் பக்கத்தில் தனியாக அடுப்பு போட்டு, வருகிறவர் கண்ணெதிரில் சுடச்சுட வார்த்துப் போடுகிற தோசைக் கவுண்டர் மட்டும் எனக்கு. மாவு, சட்னி, தோசை எல்லாம் நான். வண்டி ஓட்டுவது, கேஸ் சிலிண்டர் பிடிப்பது, ஆட்களிடம் பேசி வேலை பிடிப்பது தம்பி. அவனிடம் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று இருந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவன். எங்கள் அம்மா வயல் வேலைக்குப் போன நாளெல்லாம் என் இடுப்பில்தான் வளர்ந்தான். அவனை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிட நைனா என்று கூப்பிட்டதுதான் அதிகம்.

முதலில் எங்களிடம் இருந்தது இரும்புக் கல். ஆடி மாதம், மார்கழி மாதம் என்று வேலை இல்லாமல் கிடந்தால் துரு ஏறிவிடும். என்னதான் தேய்த்தாலும் முதல் ஐந்தாறு தோசை கறுப்பாகத்தான் வரும். மண்டபத்தில் அதை இறக்கி வைத்ததுமே பெண் வீட்டு அம்மாக்கள் மூக்கைச் சுளிப்பார்கள். "இன்னா இது, அடுப்புச் சட்டி மாதிரி கீது" என்று ஒரு அம்மா என் காதுபடவே சொன்னாள். நான் சும்மா இருக்கிறவளா? "தோசையைத் தின்னுட்டுச் சொல்லும்மா, கல்லையா திங்கப்போறே" என்றேன். தின்றுவிட்டு மறுபடி வரிசையில் வந்து நின்றாள். ஆனாலும் அந்தச் சொல் எனக்குள்ளே கிடந்தது. வெள்ளையாக, துருப் பிடிக்காத கல் ஒன்று வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பைபாஸ் ரோட்டில் ஒரு வெல்டிங் ஷெட். ரைஸ்மில்லுக்கு நெல் ஊற வைக்கிற தொட்டி செய்துகொண்டிருந்தார்கள். தரையில் கனமான பிளேட்டுகள் கிடந்தன. வெண்சாம்பல் நிறம், பளபளப்பே இல்லை. தடவிப் பார்த்தால் லேசாகச் சொரசொரத்தது.

"இது எவர்சில்வரா? மூஞ்சியே தெரியலியே" என்றேன்.

ஷெட்டுக்காரர் சிரித்தார். "எவர்சில்வர்தாம்மா. ஹாட் ரோல் பிளேட்டு. நெருப்பா இருக்கறப்பவே உருளைக்கு நடுவுல வுட்டுத் தட்டையாக்குறது. உங்க வூட்டு சொம்பு, தட்டெல்லாம் ஆறுன அப்பால மறுபடி உருட்டுன தகடு. அதான் அதுல மூஞ்சி தெரியுது. இதுல தெரியாது. ஆனா இத்த வச்சித்தான் மில்லுத் தொட்டி, பால் சொசைட்டித் தொட்டி, ஸ்வீட் கடை அடுப்பு மேடை எல்லாம் பண்றோம். மதகுக் கதவு கூட பண்ணிக் குடுத்துகீறேன். வருசம் பூரா தண்ணியில கெடந்தாலும் துரு ஏறாது."

தொட்டிக்கு வெட்டியது போக அரை அங்குலக் கனத்தில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நாலடி நீளம், இரண்டரை அடி அகலத்துக்கு வெட்டச் சொன்னேன். ஓரமெல்லாம் கை அறுக்காதபடி தேய்த்து, எண்ணெய் வழியாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு பட்டை வைத்து, நாலு மூலையிலும் கைப்பிடி வெல்டிங் செய்து கொடுத்தார். தூக்க நாலு ஆள் வேண்டும், மூலைக்கு ஒருவர்.

வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் ஷெட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். "நல்லாக் கேட்டுக்கோங்க. இது இரும்பு மாதிரி இல்ல. சூடு மெதுவா ஏறும், மெதுவாத்தான் பரவும். ஏறிட்டா ஜாஸ்தி விரியும். கீழே மூணு அடுப்பும் ஒரே மாதிரி எரியணும். வேலை முடிஞ்சா தானா ஆறணும். தோசைக்குத் தெளிக்கிற தண்ணி பரவால்ல. கொதிக்கிற கல்லு மேல பக்கெட்டோட தண்ணிய ஊத்துனீங்க, வவுறு தள்ளிக்கும். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

தம்பி தன் தொப்பையைத் தட்டிக் காட்டி, "இந்த மாதிரியா தள்ளும்?" என்று கேட்டான். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல் வந்து நாலைந்து நாள் அவன் முகம் சரியில்லை. அவன் பெண்டாட்டியைக் கேட்டேன். "எல்லாமே அக்காவுது, நான் வெறும் டிரைவருன்னு சொல்லிகினு கீறாரு" என்றாள். எனக்கு மனசு தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் வருகிற எவர்சில்வர் சாமான் எதுவாக இருந்தாலும் பேர் வெட்டாமல் புழங்கமாட்டோம். சொம்பு, அண்டா, கரண்டி கூட. பஜாரில் பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிற ஆளை அந்தச் சின்ன மிஷினோடு வீட்டுக்கே கூட்டி வந்தேன். "யார் பேரும்மா?" என்று கேட்டார். தம்பி பேரைச் சொன்னேன். கல்லைச் சுற்றிய பட்டையில் முன்பக்கம், வரிசையில் நிற்கிறவர் கண்ணில் படுகிற இடத்தில், அவன் பேர் மட்டும். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். நான்தான் எத்தனை பெரிய பைத்தியக்காரி!

அந்தக் கல்லைப் பழக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. முதல் வாரம் தோசை அப்பிக்கொண்டு வரவே இல்லை. எல்லாம் கொத்துப் பரோட்டா மாதிரி வந்தது. தெருவில் இருந்த நாய்களுக்கெல்லாம் நல்ல நாஷ்டா. பிறகுதான் கல்லின் குணம் பிடிபட்டது. அவசரப்படக் கூடாது. அடுப்பைச் சின்னதாக வைத்து நிதானமாகச் சூடேற்ற வேண்டும். தண்ணீர் தெளித்தால் சொர்ரென்று காய்ந்து போகக் கூடாது, மணி மணியாக உருண்டு ஓட வேண்டும். அப்போது அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து, உடனே மாவை ஊற்றி இழுக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஓரம் தானாக எழும்பிக்கொண்டு வரும். ஒரே நேரத்தில் எட்டு தோசை. எட்டும் ஒரே நிறம். பழையசீவரத்திலிருந்து மதுராந்தகம் வரைக்கும் "அந்த வெள்ளைக் கல்லு அக்கா" என்றால் தெரியும். கொரோனா முடிந்து கல்யாணங்கள் களை கட்டிய காலம் அது. தை, மாசி, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் இருந்த நாளெல்லாம் வேலைதான்.

தம்பிக்கு ஆசை வந்தது. "மத்தியானம் ஒரு மஞ்சள் நீராட்டு, சாயங்காலம் ஒரு ரிசப்ஷன், ரெண்டையும் புடிச்சிக்கலாம் கா" என்று ஆரம்பித்தான்.

"கல்லு எப்படா ஆறும்? கொதிக்கக் கொதிக்க வண்டியில ஏத்துவியா? மாவு எப்ப பொங்கும்? ஒரு நாளைக்கு ஒண்ணு போதும், கம்முனு இரு" என்றேன்.

"சரி கா" என்றான். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டால் ஏதாவது ஒன்று தெரிந்திருக்கும்.

தென்னேரி ரிசப்ஷன் அன்றைக்குக் காலையில் வந்து, "வண்டிய சர்வீஸ் வுட்டுட்டு அப்பிடியே மண்டபம் போயிடறேன். கல்லை இப்பவே ஏத்திக்கறேன், நீ சாயங்காலம் மாவு எடுத்துகினு ஆட்டோவில வந்துடு" என்றான். சரி என்று சொல்லிவிட்டு மாவு ஆட்ட உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு மண்டபத்துக்குப் போனேன். கல் அடுப்பின் மேல் ஏறியிருந்தது, அடுப்பு பற்ற வைக்கவில்லை. வழக்கம் போலக் கையை வைத்துக் கும்பிட்டேன். கல் வெதுவெதுவென்று இருந்தது.

"இன்னாடா இது, சுடுது?"

"வெயில்ல வந்துது இல்ல கா" என்றான்.

வெயில்தான் என்று நம்பினேன். கூடப் பிறந்தவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வேன்?

அன்றைக்கு மானம் போயிற்று. நடுவில் ஊற்றிய மாவு நாலு பக்கமும் நழுவியது. எண்ணெய் நடுவில் நிற்கவே இல்லை, ஓரத்துப் பட்டைக்கு ஓடிப்போய்த் தேங்கியது. தோசை நடுவில் கருகியது, ஓரத்தில் வேகாமல் வெள்ளையாக நின்றது. வட்டமாகவே வரவில்லை. முன்னால் நின்ற மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர், "இன்னாமா, வெள்ளைக் கல்லு வெள்ளைக் கல்லுன்னாங்க, இவ்ளோதானா?" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். என் வாழ்நாளில் தோசையைத் திருப்பிக் கொடுத்த முதல் ஆள் அவர்தான். அடுப்பு ஸ்டாண்டு சாய்ந்திருக்கிறதோ என்று குனிந்து பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. அப்போதுதான் தம்பி என் தோளைத் தொட்டு அந்த வார்த்தையைச் சொன்னான். கை ஆடுது கா.

அடுத்த வேலையிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே. ஒவ்வொரு முறையும் தம்பி கூடவே நின்று ஆறுதல் சொன்னான். "வயசாகுது இல்ல கா. எல்லாருக்கும் வர்றதுதான். பேஜார் ஆவாதே." எனக்கு அப்படி என்ன வயது? ஐம்பது தாண்டியிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் ஒரே வார்த்தையை ஒருவன் பாசமாகத் திரும்பத் திரும்பச் சொன்னால் உடம்பே அதை நம்ப ஆரம்பித்துவிடுகிறது. வீட்டில் காபி டம்ளரைத் தூக்கினால் கையைத்தான் பார்ப்பேன். கோலம் போடும்போது கோடு கொஞ்சம் கோணினால் பக்கென்று இருக்கும்.

மாவைச் சந்தேகப்பட்டேன். அரிசியை மாற்றினேன், வெந்தயத்தைக் கூட்டினேன், குறைத்தேன். கடைசியில் பஜாரில் நான் எப்போதும் வாங்குகிற மளிகைக்கடை பாயிடம் போய், பழைய உளுந்தைத் தலையில் கட்டிவிட்டார் என்று சண்டை பிடித்தேன். "உங்களுக்குன்னு எடுத்து வச்ச புது உளுந்தும்மா" என்றார் அவர் பொறுமையாக. "பொய் சொல்லாதீங்க பாய்" என்று கடையில் நாலு பேர் இருக்கும்போதே கத்திவிட்டு வேறு கடைக்கு மாறினேன். அங்கே வாங்கிய உளுந்திலும் தோசை அதே லட்சணத்தில்தான் வந்தது.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். டாக்டரம்மா என் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தார். காகிதம் அசையவில்லை. "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கீங்க" என்று அனுப்பிவிட்டார். சந்தோஷமாக ஓடிவந்து தம்பியிடம் சொன்னேன்.

"டாக்டர் எதிர்ல ஆடாது கா" என்றான் அவன். "கல்லு எதிர்லதான் ஆடுது."

பாவி! அதையும் நம்பினேன்.

கொஞ்ச நாளில் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மாஸ்டரைக் கூட்டி வந்தான். "நீ ரெஸ்ட் எடுத்துக்கோ கா, சட்னி மட்டும் பாத்துக்கோ" என்றான். நான் மண்டபத்துப் பின்பக்கம் மிக்ஸியோடு உட்கார்ந்தேன். வாசலில் என் கல், அதன் எதிரில் வேறு ஆள். அந்த மாஸ்டர் கல்லின் நடுவில் எதையும் ஊற்றமாட்டார். சின்னச் சின்னதாகக் கல்தோசை, அதுவும் நாலு ஓரத்தில் மட்டும். இது ஏதோ புது ஸ்டைல் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொள்வேன். ஒருமுறை தெரிந்த அம்மா ஒருத்தி பின்பக்கம் வந்து, "ஏன் கா, கை விழுந்துட்ச்சாமே?" என்று கேட்டாள். கை விழுந்துவிட்டதாம்! அன்றைக்குத் தேங்காய்ச் சட்னியில் உப்பு போட மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து குளிக்கிற இடத்தில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

ஆயுத பூஜை வந்தது. மாஸ்டர் வந்த பிறகு கல் தம்பி வீட்டில்தான் கிடந்தது, பூஜைக்கு மட்டும் என் வீட்டுக்கு வந்தது. வண்டி ஆட்கள் வாசல் ஓரமாகச் செங்கல் அடுக்கி அதன் மேல் கல்லைப் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். சந்தனம் வைப்பதற்கு முன்னால் கழுவலாம் என்று நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். முன்பெல்லாம் தண்ணீர் கல் முழுக்கப் பரவி நிற்கும், துடைப்பத்தால்தான் தள்ள வேண்டும். இப்போது ஊற்றிய தண்ணீர் நிற்காமல் நாலு பக்கமும் பிரிந்து ஓடியது. ஓரத்துப் பட்டையை ஒட்டித் தண்ணீர் தேங்கியிருக்க, நடுவில் கல் காய்ந்து தெரிந்தது. இன்னொரு சொம்பு ஊற்றினேன். அப்படியே ஓடியது.

எதிர்வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் ஓடிப்போய் மட்டப்பலகையை வாங்கி வந்து கல்லின் மேல் நீளவாக்கில் வைத்தேன். பலகை நடுவில் மட்டும் உட்கார்ந்தது. ஒரு முனையைத் தொட்டால் மறுமுனை தூக்கியது. மறுமுனையைத் தொட்டால் இந்த முனை தூக்கியது. கூடவே வந்த மேஸ்திரி பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கல்லு வவுறு தள்ளிக்கினு கீது?" என்றார்.

வயிறு தள்ளிக்கொண்டிருக்கிறது. நான் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் கைக்கு ஒன்றுமில்லை. அந்த நிமிஷம் எனக்கு வந்தது துக்கம் இல்லை, சந்தோஷம்தான். இரண்டு கையையும் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துச் சிரித்தேன். மேஸ்திரி பயந்துபோய்ப் பலகையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகுதான் மெதுவாக மற்றது உறைத்தது. கொதிக்கிற கல்லில் யாரோ பக்கெட்டோடு தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். நான் ஊற்றவில்லை. தென்னேரிக்கு முந்தின வேலை வரைக்கும் எட்டு தோசையும் ஒரே நிறம். தென்னேரியில் கல் வெதுவெதுவென்று இருந்தது.

ஈரக் கையோடு அடுத்த தெருவில் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. அவன் பெண்டாட்டி பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் சூது தெரியாதவள். "தென்னேரி ரிசப்ஷன் அன்னிக்கு, அதுக்கு முன்னாடி கல்லு எங்கம்மா போச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"வாலாஜாபாத்து மஞ்சள் நீராட்டுக்குதான் அண்ணி" என்றாள். "உங்களுக்கு மத்தியானம் ஒடம்பு முடியல, நீங்கதான் காஞ்சிபுரம் மாஸ்டரை வச்சி சமாளிச்சிக்கோன்னு சொன்னீங்கன்னாரே? பாவம், அங்க முடியறதுக்கே நாலு மணி ஆயிட்ச்சாம். கல்லு ஆறவே இல்ல, ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி ஏத்திகினு ஓடுனேன்னு சொன்னாரு. ஏன் அண்ணி, இன்னா ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். எப்படி நடந்து வந்தேன் என்றே தெரியவில்லை. கல்லைக் கெடுத்தது கூடப் போகட்டும். அவசரம், ஆசை, மனிதனுக்கு வருவதுதான். வந்து காலில் விழுந்து "கெடுத்துட்டேன் கா" என்று சொல்லியிருந்தால் நாலு அறை விட்டு மன்னித்திருப்பேன். கல்லில் இருந்த கோளாறைத் தூக்கி என் கையில் வைத்தானே! நான் தோசையை விட்டு ஒதுங்கினால் ஒரு நாளைக்கு இரண்டு வேலை பிடிக்கலாம், தடுக்க ஆள் இல்லை. அந்த மாஸ்டர் நடுவில் ஊற்றாததும் ஸ்டைல் இல்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்திதான் ஒன்றும் தெரியாமல் பின்பக்கம் உட்கார்ந்து தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் தம்பி தானே வந்தான். பெண்டாட்டி சொல்லியிருப்பாள். தெருவில் மேஸ்திரியும் ஆட்களும் இருந்தார்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். நான் கல் பக்கத்தில் நின்றுகொண்டு மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

"நைனா, இந்தக் கல்லு ஏன் வளைஞ்சிகீது?"

"வண்டியில அடிபட்டிருக்கும் கா."

"ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்துனியாமே?"

அவன் முகம் ஒரு நொடி செத்தது. பிறகு கையை விரித்தான். "ஊத்துனேன். சத்தியமா சொல்றேன், தண்ணி ஊத்துனா வளையும்னு யாருக்கு கா தெரியும்? எனக்குத் தெரியவே தெரியாது."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அடப்பாவி, தெரியாம ஊத்துனவன் ஏண்டா எங்கிட்ட சொல்லல? எத்தினி மாசமா என் கைய ஆட வச்சே! ஆஸ்பத்திரிக்குப் போனேனேடா! அந்த பாயை நாக்குக் கூசாம திட்டுனேனேடா! ஊர் பூரா கை வுழுந்துட்ச்சின்னு பேசுது, நீ பக்கத்துலயே நின்னு தலைய ஆட்டிகினு இருந்தியே!"

அவன் குனிந்து நின்றான். குனிந்தவன் கண் கல்லின் பட்டையில் போய் நின்றது. நிமிர்ந்தபோது வேறு ஆளாக இருந்தான். "இதுக்கு ஏன் கா இவ்ளோ கத்தறே? கல்லு என்னுதுதானே. என் பேருதானே வெட்டிகீது. வளைஞ்சா எனக்குத்தானே நட்டம்?"

அந்தப் பேரை வெட்டச் சொல்லி ஆளைக் கூட்டி வந்தது நான் என்பது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆனால் பேர் என்னவோ அவன் பேர்தான். அண்டாவில் யார் பேர் இருக்கிறதோ அண்டா அவர்களுடையது. எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

கடைசியில் சொன்னேன். "சரி. கல்லு உன்னுது. எடுத்துகினு போ. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். இந்தத் தெருவுல நாலு பேர் எதிர்ல, அக்கா கையில குத்தம் இல்ல, கல்லுலதான் குத்தம்னு ஒரு வார்த்தை சொல்லு. அது போதும்."

"நாளைக்கு வண்டி எடுத்துகினு வரேன். வந்து சொல்றேன் கா" என்றான்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பாய் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டார். "உளுந்து நல்ல உளுந்துதான் பாய். நான்தான் கண்ணு தெரியாமப் பேசிட்டேன்" என்றேன். "வேற கடை உளுந்து எப்படிம்மா இருந்துது?" என்று கேட்டார். "மட்டம்" என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்தார். அந்தப் பையோடு திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் குட்டியானை நின்றிருந்தது.

தம்பி, காஞ்சிபுரம் மாஸ்டர், ஒரு லோடு ஆள். மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். கல்லுக்கு நாலு மூலை. தம்பி எதிர்வீட்டைப் பார்த்து, "மேஸ்திரி, ஒரு கை குடுங்க" என்றான். மேஸ்திரி காது கேட்காத மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஆட்கள் யாரும் நகரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சொல்றேன்னியே" என்றேன்.

"இப்போ எதுக்கு கா அதெல்லாம்? ஏத்திட்டுப் பேசிக்கலாம்" என்றான். பேசப்போவதில்லை என்று அவன் குரலிலேயே தெரிந்தது. இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்குத் தெரியாதா? அவன் சொல்லை அவன் காப்பாற்றவில்லை என்பதற்காக என் சொல்லை நான் விழுங்கப் போவதில்லை. உளுந்துப் பையைக் கீழே வைத்தேன். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய் நாலாவது மூலையைப் பிடித்தேன். தம்பி எனக்கு நேர் எதிரில் நின்றான். தூக்கினோம்.

கல் செங்கல்லை விட்டு எழும்பியது. அடி அடியாக வண்டியை நோக்கி நடந்தோம். மனசு கேட்காமல் சொன்னேன், "இனிமேலாவது சூட்டோட தண்ணி ஊத்தாதே."

"அது எனக்குத் தெரியாதா கா?" என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே. "அன்னிக்கு ஷெட்டுல அந்த ஆளு சொல்றப்ப நானுந்தானே பக்கத்துல நின்னுகினு இருந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நேற்று இதே இடத்தில் தெரியாது என்று சத்தியம் செய்தவன். அவன் கால் நின்றுவிட்டது, கல்லும் நின்றது. மாஸ்டர் தரையைப் பார்த்தார். தம்பி என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தான். நான் கையை விட்டால் எல்லார் பிடியும் நழுவி அந்தக் கனம் அவன் பாதத்திலும் இறங்கும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"நட" என்றேன்.

வண்டிப் பலகை என் இடுப்பு உயரம். லோடு ஆள் முக்கினான், மாஸ்டர் பல்லைக் கடித்தார், தம்பிக்குத் தோள் வரைக்கும் நடுங்கியது. மூன்று மூலையும் ஆடிக்கொண்டே ஏறின. என் மூலை ஆடவில்லை.